கணக்குப் பாடத்தை விடுவதா வேண்டாமா: விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு காலை இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் நின்றபோது, முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பியைப் பார்த்தேன். அவருடைய மகன் இந்த ஆகஸ்டில்தான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் சேர்ந்திருக்கிறான். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: “அண்ணே, பையன் மேத்ஸை டிராப் பண்றேங்கிறான். இன்னும் ரெண்டு வாரம்தான் டைம். நீங்களும் ஒரு தடவை விட்டீங்கல்ல, என்ன சொல்றீங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: “ஏற்கனவே நம்ம பிள்ளைங்க கணக்குல பின்னாடின்னு ஒரு பேச்சு இருக்கு. இவனும் விட்டா நாலு பேரு என்ன சொல்வாங்க?”

அதற்குள் என் முறை வந்துவிட்டது. “பையனை வீட்டுக்கு அனுப்புங்க, பேசுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டது வீடு வரும் வரை மனதை அரித்தது. இந்த மாதத்தில் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு 42 வயது. ஈசூனில் குடியிருக்கிறேன். பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. உயர்நிலைப் பள்ளியில் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன். அந்தப் பிரிவில் எங்களுக்குக் கூடுதல் கணிதம் கிடையாது. அப்புறம் ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகம், தேசிய சேவை, வேலை. வேலை பார்த்துக்கொண்டே பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம். அங்கே கணக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து தாண்டினேன். பத்து ஆண்டுகளில் அதுவும் மறந்துபோனது. 2023ல், 39 வயதில், பகுதிநேரப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று மாலை, 7 மணியிலிருந்து 10 மணி வரை வகுப்பு.

முதல் பருவத்திலேயே பொறியியல் கணிதம். ஐந்தாவது வாரத்தில் முதல் தேர்வு. 100க்கு 23 வாங்கினேன்.

விடைத்தாள் கைக்கு வந்த இரவு ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் பாடத்தை விடும் படிவத்தைத் திறந்துவிட்டேன். பெயர், மாணவர் எண், பாடக் குறியீடு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. ஈசூன் நிலையம் தாண்டிப் போனதே தெரியவில்லை, செம்பவாங்கில் இறங்கித் திரும்பி வந்தேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் அந்தத் தாளைப் பார்க்கக்கூட இல்லை. “இன்னைக்கு ராத்திரி எதுவும் பண்ணாதீங்க. கடைசி நாள் என்னைக்கு? அது வரைக்கும் இருக்குல்ல?” என்றார். இருந்தது. ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய் நின்றேன். விடு என்றோ விடாதே என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை. “போன 77 மதிப்பெண் எங்கே போனது என்று எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். எண்ணவில்லை. 23 என்ற எண்ணைப் பார்த்ததோடு தாளை மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் உட்கார்ந்து எண்ணினேன். நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். வகுப்பில் நடத்திய புதுப் பாடம் புரியாததால் போனது ஒரு கட்டம். பழைய கணக்கில், அதாவது பள்ளிக்கூடத்துக் கணக்கில், தடுக்கி விழுந்ததால் போனது இன்னொன்று. நேரம் போதாமல் எழுதாமல் விட்டது மூன்றாவது. எண்ணி முடித்தபோது புதுப் பாடத்தில் 19, நேரத்தில் 12, பழைய கணக்கில் 46.

அந்த 46 எப்படிப் போனது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் நினைப்பதுபோல் அது சோம்பலோ கவனக்குறைவோ அல்ல. மூன்றையும் நான்கையும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25. எண்ணாகக் கேட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். மூன்றும் நான்கும் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்ததும் நான் தனித்தனியாகவே வர்க்கம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னமும் அப்படித்தான். ஐந்தில் ஒரு பங்கு என்றால் தெரியும். அதே ஐந்தை இரண்டு கூட்டல் மூன்று என்று கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டால், அரைப் பங்கும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தது என்று உடைத்துவிடுவேன். தொகையீடு (இன்டகிரேஷன்) காணும் முறையை நான் சரியாகத்தான் தொடங்கியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு பெரிய பின்னத்தைச் சின்னச் சின்னப் பின்னங்களாகப் பிரிக்க வேண்டும், அங்கேதான் ஒவ்வொரு முறையும் சறுக்கல். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுவேன். இது மட்டும் அந்தத் தாளில் ஆறு இடத்தில்.

அதைப் பார்த்த பிறகு என் கேள்வியே மாறிப்போனது. எனக்கு இந்தப் படிப்புக்கு மூளை இருக்கிறதா என்று அதுவரை தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். அது கேள்வியே இல்லை. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் நான் கற்றிருக்க வேண்டியதைக் கற்காமலே 25 ஆண்டுகள் கடந்து வந்திருக்கிறேன். அதை மிச்சமிருக்கும் எட்டு வாரத்தில், மாதம் ஒரு வாரம் இரவுப் பணியும் வைத்துக்கொண்டு, புதுப் பாடத்தையும் படித்தபடி சரிசெய்ய முடியுமா? என்னால் ஒதுக்க முடிந்தது வாரத்துக்கு ஆறு மணி நேரம். புதுப் பாடத்துக்கே அது போதாது. ஆகவே விட்டேன். எட்டாவது நாள் காலையில், நன்றாகத் தூங்கி எழுந்து, காப்பி குடித்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

ரயிலில் அழுத்தியிருந்தாலும் முடிவு இதேதான், சரி. ஆனால் அன்று விட்டிருந்தால் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன். ‘நமக்குக் கணக்கு வராது’ என்ற ஒரு வரியோடு படிப்பையே விட்டிருப்பேன். எண்ணிப் பார்த்துவிட்டு விட்டதால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தது.

விடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாக ஒவ்வொரு கதவாகத் தட்டித் தெரிந்துகொண்டேன். பொதுவாக, பருவம் தொடங்கிய முதல் சில வாரங்களில் விட்டால் பதிவேட்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் விலகியதற்கான ‘டபிள்யூ’ குறி வரும். இன்னும் தாமதித்தால் தோல்வி என்றே பதிவாகிவிடும். தேதிகள் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே நண்பன் சொன்னதை நம்பாமல் தன் பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ‘டபிள்யூ’ குறி சராசரி மதிப்பெண்ணைத் தொடாது, தோல்வி தொடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல், “எப்படியாவது எழுதிடு, கடவுள் இருக்கார்” என்று பிள்ளையை அனுப்பும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். சில பல்கலைக்கழகங்களில், முதலாண்டில் சில பாடங்களின் மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அது கிடைக்குமானால் விடவே தேவையில்லாமல் போகலாம்.

அதைவிட முக்கியமானது, அந்தப் பாடம் மறுபடி எப்போது வரும் என்பது. எங்கள் படிப்பில் ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆகவே நான் விட்டது ஒரு பாடத்தை மட்டும் அல்ல. வெப்பப் பரிமாற்றம், திரவ இயக்கவியல், கட்டுப்பாட்டியல் எல்லாம் அந்தக் கணக்கின் மேல் நிற்பவை. அதை முடிக்காமல் இவற்றுக்குள் நுழைய முடியாது. படிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. உபகாரச் சம்பளத்தில் படிப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகும் விடலாம், நான் விட்டேன்.

விட்ட பிறகுதான் வேலை தொடங்கியது. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகளில் தேடி உயர்நிலை இரண்டுக்கான கணிதப் புத்தகம் ஒன்று வாங்கினேன். 2024 ஜனவரியில் என் மகள் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தாள். பழைய பிரிவுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் நிலைக்கேற்பப் படிக்கும் புது முறையில் சேர்ந்த முதல் ஆண்டு மாணவி. நான் படித்தபோது இருந்த பிரிவின் பெயரே அவள் வாழ்க்கையில் இல்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். ஞாயிறு முழுக்க இப்படித்தான் போகும்.

ஒரு நாள் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துக் கணக்கு ஓடாததால், முதலில் எண்ணில் பழகுவோம் என்று எட்டில் ஒன்றையும் பதினாறில் ஒன்றையும் எழுதி வைத்திருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவருக்கு 76 வயது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். “இது அரைக்கால், இது மாகாணி. அரைக்காலுக்குள்ள ரெண்டு மாகாணி இருக்கு. அப்ப மொத்தம் மூணு மாகாணி. எல்லாத்தையும் சின்னதுக்கு மாத்திக்கடா, அப்புறம் எண்ணு” என்றார். பொதுப் பகுதி எடுப்பது என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னது இதைத்தான். அங்கே அது ஒரு விதி. அப்பாவுக்கோ அது அவருடைய அம்மா நெல் அளந்ததைப் பார்த்துப் பழகியது. காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று என்று வரிசையாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவரிடம் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆங்கிலத்தில் படிக்கும் கணக்குக்கு அப்பாவிடம் என்ன இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு தவறு.

ஆறு மாதம் இப்படிப் போனது. 2024 ஜூலையில் மறுபடி அதே பாடம், அதே அறை. இந்த முறை ஏழாவது வாரத்தில் ஒரு சமன்பாடு வந்தது: ஒரு பொருளின் வெப்பம் மாறும் வேகம், சுற்றுப்புறத்துக்கும் அதற்கும் மிச்சமிருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. நியூட்டனின் குளிர்தல் விதி. ஆசிரியர் அதைத் தீர்த்துப் பலகையில் வளைகோடு வரைந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கோட்டை நான் 18 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிரூட்டி திடீரென்று நின்றுவிட்டால், 7 டிகிரியில் இருந்த தண்ணீர் முதலில் சரசரவென்று சூடேறும். அறையின் வெப்பத்தை நெருங்க நெருங்க மெதுவாகும். கண்காணிப்புத் திரையில் அந்தக் கோடு வளைந்து படுக்கும். கோடு படுப்பதற்குள் இயந்திரத்தை ஓட வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அது ஏன் அப்படி வளைகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வேலைக்கு அடியில் இருந்த கணக்கு இது. இதை ஒரேயடியாக விட்டிருந்தால் என்ன இழந்திருப்பேன் என்று அந்த வகுப்பில் உட்கார்ந்தபோது புரிந்தது.

அந்தப் பாடத்தில் எனக்கு ‘சி பிளஸ்’ கிடைத்தது. அதை எல்லாரிடமும் மகிழ்ச்சியாகச் சொன்னேன்.

எல்லாரும் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் அக்கா மகள் உளவியல் படிக்கிறாள். விருப்பப் பாடமாக நுண்கணிதம் எடுத்துவிட்டு மூன்றாவது வாரத்தில் விட்டாள். அவள் துறைக்குத் தேவை புள்ளியியல், அதை எடுத்துக்கொண்டாள். அதில் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்.

இந்தப் பேச்சு எடுத்தால் நம் வீடுகளில் யாராவது ஒருவர் ராமானுஜன் பெயரைச் சொல்லிவிடுவார், “அவர் பிறந்த மண்ணு நம்மளது” என்று. ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தது கணக்கால் அல்ல, கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால். அந்த மேதையை முதலாண்டுத் தேர்வில் தடுமாறும் 19 வயதுப் பிள்ளைக்கு அளவுகோலாக நீட்டுவது அவருக்கும் நியாயம் இல்லை, பிள்ளைக்கும் நியாயம் இல்லை. பிள்ளை அந்த நேரத்தில் கேட்பது பெருமைப் பேச்சை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் புரட்ட ஒரு ஆள் வேண்டும். அதற்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. “இது புதுசா, பழசா?” என்று ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் கேட்டால் போதும். பதில் பிள்ளையிடமே இருக்கும்.

என் மகள் இப்போது உயர்நிலை மூன்று. கூடுதல் கணிதத்தில் போன மாதம் 38 வாங்கினாள், விடுகிறேன் என்கிறாள். அவள் தாளையும் எண்ணினோம். அவளுக்குப் பழைய கணக்கில் போனது 7தான். மீதி அத்தனையும் புதிதாக நடத்திய மடக்கையிலும் பல்லுறுப்புக் கோவையிலும். என்னுடையதற்கு நேர் எதிர். அடித்தளம் நன்றாக இருப்பவள் இப்போதே விட வேண்டாம், வாரம் ஒரு முறை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு ஆண்டிறுதித் தேர்வு வரை பார்ப்போம் என்று பேசியிருக்கிறோம். அவள் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அந்தத் தேர்வுக்குப் பிறகும் விட வேண்டும் என்றால் விடட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வரும் நாளில் நம் பிள்ளைகளின் படங்களை நீங்கள் போடுகிறீர்கள். அது வேண்டும், என் வீட்டில் எல்லாரும் ஆவலோடு பார்ப்போம். அதோடு, செப்டம்பரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும், பாடத்தை விடுவதற்கான கடைசி நாள் நெருங்கும் வாரங்களில், ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விட்டவர்கள், விட்டுத் திரும்பியவர்கள், விடாமல் தாங்கியவர்கள் பேசட்டும். மதிப்பெண்ணை மறைக்காமல் சொல்லட்டும். என்னுடைய 23ஐ முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

சமூகத்திடமும் ஒன்று கேட்கிறேன். 1991ல் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பட்டதிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் துணைப்பாடத்துக்காக எத்தனையோ தொண்டூழியர்கள் உழைத்திருக்கிறார்கள். அதே உழைப்பில் கொஞ்சம், பள்ளியைத் தாண்டி ஐடிஇ, பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போய் முதல் ஆண்டில் தடுக்கி விழுபவர்களுக்கும் வேண்டும். 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் வளர்ப்புத் திட்டத்தில், பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் 4,000 வெள்ளி கொடுத்திருக்கிறது. என் வயதுக்காரர்கள் இனி நிறையப் பேர் வகுப்புக்குத் திரும்புவார்கள். அவர்களுக்குப் பணம் கிடைக்கும், பின்னம் மறந்திருக்கும். ஒரு சமூக மன்ற அறை, வாரம் ஒரு மாலை, உயர்நிலை இரண்டுப் புத்தகம், பொறுமையாகச் சொல்லித்தர நான்கு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். ஈசூன் பக்கத்தில் யாராவது தொடங்கினால் நான் வருகிறேன், குறியும் பின்னமும் என்னால் சொல்லித்தர முடியும்.

நண்பரின் மகன் புதன்கிழமை மாலை வீட்டுக்கு வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். விடைத்தாளையும், பல்கலைக்கழக நாள்காட்டியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விடுவதா வேண்டாமா என்று இதுவரை அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தாளை நான் இன்னும் பார்க்கவில்லையே.

இப்படிக்கு,
குளிரூட்டித் தொழில்நுட்பர், பகுதிநேர மாணவர்
ஈசூன்